உண்மை, பொய், தெரியாது

காங்கேயம் பகுதியில் பொருள் வாங்குகிற எவரும் விற்பவர் சொன்னதை அப்படியே நம்பி வாங்குவதில்லை. கொப்பரை என்றால் உடைத்துப் பார்க்கிறோம். வெண்ணெய் என்றால் தொட்டு மோந்து பார்க்கிறோம். நெல் மூட்டை என்றால் குத்தூசியால் அடிவரை குத்தி, உள்ளே இருக்கும் மணியை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கிறோம். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவதில்லை. "ஏனுங்க, நெசமுங்களா?" என்று இரண்டு முறை கேட்பது நம் கொங்கு மண்ணின் பழக்கம்.

ஆனால் அதே நாம், கைப்பேசியில் வருகிற ஒரு செய்தியை அவ்வாறு சோதிக்கிறோமா? மாட்டுக்குக் கொடுக்கும் பணத்தைவிட மனிதரின் மானமும் உயிரும் விலை மதிப்பற்றவை. ஆயினும் மனிதரைப் பற்றிய செய்திகளை ஒரு நொடியில் நம்பி, மறு நொடியில் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். ஒருவர் சொல்வது உண்மையா, பொய்யா என்று எப்படித் தீர்மானிப்பது? இதைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

கூற்று என்பது எது?

வாக்கியங்கள் செய்தி வாக்கியம், வினா வாக்கியம், கட்டளை வாக்கியம், உணர்ச்சி வாக்கியம் என நால்வகைப்படும் என்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். "காங்கேயத்தில் அரிசி ஆலைகள் உள்ளன" என்பது செய்தி. "ஆலை இன்று ஓடுகிறதா?" என்பது வினா. "ஆலையை நிறுத்து" என்பது கட்டளை. "அடேயப்பா, எவ்வளவு தூசி!" என்பது உணர்ச்சி. இந்த நான்கில் முதலாவதைப் பார்த்து மட்டுமே "இது உண்மையா, பொய்யா?" என்று கேட்க முடியும். வினாவோ கட்டளையோ உண்மையாகவும் இராது, பொய்யாகவும் இராது. உண்மை என்றோ பொய் என்றோ தீர்ப்பிடத் தக்க வாக்கியத்தைத் தருக்கவியல் 'கூற்று' என்று அழைக்கிறது. குருமடங்களில் மெய்யியல் பயில்வோர் தொடக்கத்திலேயே கற்கும் பாடம் இது. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்திலும் இது உண்டு.

ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இதை விளக்க ஓர் அழகான எடுத்துக்காட்டைத் தருகிறார். மன்றாட்டும் ஒரு வாக்கியமே; ஆனால் அது உண்மையும் அல்ல, பொய்யும் அல்ல என்கிறார் அவர். "இறைவா, எங்களுக்கு மழை தாரும்" என்று நாம் வேண்டும்போது எதையும் நிலைநாட்டவில்லை, கேட்கிறோம், அவ்வளவுதான்.

இந்த எளிய வேறுபாடு இன்று நமக்கு எவ்வாறு உதவும்? நமக்கு வருகிற ஒரு பரபரப்பான செய்தியைப் பிரித்துப் பாருங்கள். "ஐயோ, என்ன கொடுமை!" என்று தொடங்கும். அது உணர்ச்சி. "இதை இப்படியே விடலாமா?" என்று கேட்கும். அது வினா. "உடனே எல்லாருக்கும் அனுப்புங்கள்" என்று முடியும். அது கட்டளை. இவை மூன்றையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது பெரும்பாலும் ஒரு வரிக் கூற்று. நாம் சோதிக்க வேண்டியது அந்த ஒரு வரியைத்தான். நம்மை அவசரப்படுத்துவதோ, சோதிக்கவே முடியாத மற்ற மூன்றும்.

கூற்றைச் சோதிக்கும்போது காலத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். "காங்கேயம் ஈரோடு மாவட்டத்தில் உள்ளது" என்பது உண்மையா? 2008-ஆம் ஆண்டில் சொல்லியிருந்தால் உண்மை. இன்று சொன்னால் பொய். 1979 வரை நம் ஊர் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு பெரியார் மாவட்டத்தில் சேர்ந்தது; அந்த மாவட்டமே பின்னர் ஈரோடு மாவட்டம் எனப் பெயர் பெற்றது. 2009 முதல் நாம் திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறோம். ஊர் நகரவில்லை, கூற்றின் மதிப்பு மாறியிருக்கிறது. அப்படியானால், நாளும் ஊரும் குறிப்பிடாமல் வருகிற ஒரு செய்தியை உண்மை என்று எப்படிச் சொல்ல முடியும்?

'எல்லாரும்' என்ற சொல்

கூற்றுகளில் மிகவும் கவனமாகக் கையாள வேண்டியவை 'எல்லாம்', 'எல்லாரும்', 'ஒருவரும்' போன்ற சொற்கள் வருபவை. நமக்குப் பெருமை சேர்க்கும் காங்கேயம் மாட்டையே எடுத்துக்கொள்வோம். "காங்கேயம் மாடுகள் எல்லாம் சாம்பல் நிறம்" என்று வெளியூர்க்காரர் ஒருவர் சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். மாடு வளர்க்கும் நம் வீட்டுச் சிறுபிள்ளையே சிரித்துவிடும். ஏனெனில் காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாகவே பிறக்கிறது. ஏறத்தாழ ஆறு மாதத்தில்தான் சாம்பல் நிறத்துக்கு மாறுகிறது. 'எல்லாம்' என்ற கூற்றை நிலைநாட்ட ஆயிரம் சாம்பல் நிற மாடுகள் போதா. அதைப் பொய்யாக்க ஒரே ஒரு செந்நிறக் கன்று போதும்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "எல்லாம் சாம்பல் நிறம்" என்பது பொய் என்றால், "எதுவுமே சாம்பல் நிறம் இல்லை" என்பது உண்மை ஆகிவிடாது. "குறைந்தது ஒன்றாவது சாம்பல் நிறம் இல்லை" என்பது மட்டுமே உண்மை. நம் வீட்டுச் சண்டைகளிலும் ஊர்ச் சண்டைகளிலும் இந்த நடுவழியை மறந்துவிடுகிறோம். "அவர்கள் எல்லாரும் கெட்டவர்கள்" என்கிறார் ஒருவர். "அவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை" என்கிறார் மற்றவர். இருவர் சொல்வதுமே பொய்யாக இருக்கக்கூடும்.

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்ற பழமொழி நமக்குத் தெரியும். அது சோற்றுக்குப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ, ஒரே நேரம். அதனால்தான் ஒன்று வெந்தால் மற்றவையும் வெந்திருக்கும். மனிதர் ஒரே பானையில் வெந்தவர்கள் அல்லர். ஒரு மாநிலத்தவரையோ, ஒரு சாதியினரையோ, ஒரு மதத்தினரையோ அவர்களில் ஒருவரை வைத்துப் பதம் பார்க்க அந்தப் பழமொழி இடம் தரவில்லை.

திருப்பூரில் நடந்தது

இவையெல்லாம் ஏட்டுப் பாடங்கள் என்று எண்ணிவிடக் கூடாது. நம் மாவட்டமே இதை அனுபவித்திருக்கிறது. 2023 ஜனவரியில், வடமாநிலத் தொழிலாளர்கள் உள்ளூர்த் தொழிலாளர்களைத் துரத்துவதாக ஒரு காணொளி திருப்பூரிலிருந்து பரவியது. "வடக்கே இருந்து வந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான்" என்ற பேச்சு நம்மவரிடையே எழுந்தது. இரண்டே மாதத்தில் காற்று எதிர்த் திசையில் வீசியது. மார்ச் மாதத் தொடக்கத்தில், "தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள், கொல்லுகிறார்கள்" என்ற செய்தி காணொளிகளோடு வடமாநிலங்களெங்கும் பரவியது. அங்கே "தமிழர்கள் எல்லாரும் இப்படித்தான்" என்ற பேச்சு எழுந்தது. இரு பக்கத்திலும் தவறு ஒன்றே: ஒரு நிகழ்ச்சியிலிருந்து 'எல்லாரும்' என்ற முடிவுக்குத் தாவியது.

மார்ச் மாதம் பரவிய காணொளிகளில் இரண்டைப் பற்றி அப்போதைய தமிழகக் காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு விளக்கம் அளித்தார். ஒன்று, திருப்பூரில் பீகார் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்கிடையே நடந்த மோதல். மற்றொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கிடையே நடந்த மோதல். இரண்டுமே சில காலத்துக்கு முன் நடந்தவை. பீகார் அரசு நால்வர் கொண்ட குழுவை இங்கு அனுப்பியது. அவர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து தொழிலாளர்களைச் சந்தித்தார்கள். பரவியவை போலிக் காணொளிகள் என்பது தெளிவாயிற்று. ஆனால் அதற்குள் எத்தனை தாய்மார் அங்கே உறங்காமல் இருந்திருப்பார்கள்! எத்தனை இளைஞர் இங்கே வேலைக்குச் செல்ல அஞ்சியிருப்பார்கள்!

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பார்கள் நம் பெரியோர். கண் ஏன் பொய்யாகிறது? அந்தக் காணொளிகளில் இருந்தவர்கள் அடித்துக்கொண்டது நிகழ்ந்ததுதான். படம் எதையும் கூறுவதில்லை. அதன் கீழே எழுதப்பட்ட வரியே கூறுகிறது. யார், யாரை, எங்கே, எப்போது, எதற்காக என்று சொன்னது அந்த வரி. படம் மெய்யாக இருந்ததால் அந்த வரியையும் மெய் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள்.

புகையும் பனியும்

அதே நாள்களில் இன்னொரு 'சான்றும்' காட்டப்பட்டது. வடக்கே செல்லும் இரயில்களில் கூட்டம் நிரம்பி வழிந்தது. "பார்த்தீர்களா, அஞ்சி ஓடுகிறார்கள்!" என்றார்கள். அஞ்சிச் சென்றவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஆண்டு ஹோலிப் பண்டிகை மார்ச் 8 அன்று வந்தது. ஆண்டுதோறும் அப்பண்டிகைக்கு அவர்கள் ஊருக்குச் செல்வது வழக்கம். ஆகவே கூட்டத்தை மட்டும் வைத்து அச்சத்தை நிலைநாட்ட முடியாது.

இத்தகைய தவறு நம் முன்னோருக்கு நன்கு தெரிந்திருந்தது. மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் இயற்றிய மணிமேகலைக் காப்பியத்தின் 29-ஆம் காதையில், காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். புகையைக் கண்டு மலையில் நெருப்பு உண்டு என்று அறிவது சரியான அனுமானம் என்று அவர் காட்டுகிறார். பின்னர் அனுமானம் எங்கெங்கே வழுவும் என்பதையும் வகைப்படுத்துகிறார். கண்ணில் படுவது நீராவியா, பனியா, புகையா என்ற ஐயம் தீராமலே "புகைதான், ஆகவே நெருப்பு உண்டு" என்று துணிவது அவற்றுள் ஒன்று. வழுவும் சான்றுக்கு அவர் சூட்டும் பெயர் 'போலி'. 'போலிச் செய்தி' என்று இன்று நாம் சொல்கிறோமே, அதே சொல்! தானியம் விற்றவர் எழுதிய நூலில் பதரைப் பிரிக்கும் கலையும் இருப்பதில் வியப்பில்லை.

ஓர் உயிரைப் பறித்த அனுமானம்

அனுமானம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வேதனையான ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2018-ஆம் ஆண்டு, குழந்தை கடத்தும் கும்பல் வந்திருப்பதாகத் தமிழகத்தின் வடமாவட்டங்களில் வாட்ஸப் வழியாக வதந்தி பரவியிருந்தது. மே 9 அன்று சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தினர் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே உள்ள தங்கள் குலதெய்வக் கோவிலுக்குக் காரில் சென்றார்கள். வழியில் நிறுத்தி வழி கேட்டார்கள். அங்கே நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். அவ்வளவுதான். திரண்டு வந்த கூட்டம் அவர்களை அடித்தது. வயது முதிர்ந்த ஒரு பெண்மணி உயிரிழந்தார். உடன் வந்தவர்கள் படுகாயமுற்றார்கள்.

அடித்தவர்கள் மனத்தில் ஓடிய அனுமானம் என்ன? "குழந்தை கடத்துகிறவர்கள் இனிப்புக் கொடுப்பார்கள். இவர்கள் இனிப்புக் கொடுத்தார்கள். ஆகவே இவர்கள் குழந்தை கடத்துகிறவர்கள்." கேட்பதற்குச் சரியாக இருப்பதுபோல் தோன்றுகிறது அல்லவா? இதே அமைப்பில் வேறொன்றைச் சொல்லிப் பார்ப்போம். "காங்கேயம் காளைக்கு நான்கு கால். நம் வீட்டு ஆட்டுக்கும் நான்கு கால். ஆகவே நம் வீட்டு ஆடு காங்கேயம் காளை." இதைக் கேட்டு யாரும் ஏமாற மாட்டோம். அமைப்பு ஒன்றே. ஆட்டைப் பற்றிச் சொன்னால் சிரிக்கிறோம். அயலாரைப் பற்றிச் சொன்னால் கம்பெடுத்துக்கொண்டு ஓடுகிறோம். இனிப்புக் கொடுப்பவர்களில் தாத்தா பாட்டிகள் உண்டு, பிறந்த நாள் கொண்டாடும் சிறுவர் உண்டு, வழி கேட்கும் பயணிகள் உண்டு. "கடத்துபவர் இனிப்புக் கொடுப்பர்" என்பதைத் திருப்பிப் போட்டு, "இனிப்புக் கொடுப்பவர் கடத்துபவர்" என்று படித்ததுதான் பிழை. அச்சம் நம்மை அப்படித் திருப்பிப் படிக்க வைக்கிறது.

அந்த ஆண்டு ஜூலை மாதம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸப் நிறுவனம் கட்டுப்படுத்தியது. நல்ல செயல்தான். ஆனால் நிறுவனம் போடும் வேலி விரலுக்கு மட்டுமே. மனத்துக்கு வேலி போடுவது நம் பொறுப்பு.

சூசன்னாவின் வழக்கு

திருவிவிலியத்திலும் தவறான கூற்றினால் ஓர் உயிர் போகவிருந்த நிகழ்ச்சி உண்டு. தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்கட்கிழமை திருப்பலியில் நாம் கேட்கும் வாசகம் அது (தானியேல் 13). இரு முதியோர் சூசன்னா மீது பொய்க் குற்றம் சாட்டினார்கள். அவர்கள் மூப்பர்கள், நடுவர்கள் என்பதால் மக்கள் நம்பினார்கள். விசாரிக்காமலே சாவுத் தீர்ப்பு அளித்தார்கள். கூற்றைப் பார்க்காமல் கூறியவரின் பதவியைப் பார்த்தார்கள்.

இளைஞர் தானியேல் குறுக்கிட்டார். அந்த இருவரையும் தனித்தனியே பிரித்து, "எந்த மரத்தின் அடியில் கண்டீர்?" என்று கேட்டார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார். மற்றவர் வேறொரு மரத்தைச் சொன்னார். வழக்கு அங்கேயே உடைந்தது.

இங்கே தருக்கத்தின் நுட்பம் ஒன்று உண்டு. ஒரே நிகழ்ச்சி இரண்டு மரங்களின் அடியில் நடந்திருக்க முடியாது. ஆகவே இரண்டு கூற்றும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. ஆனால் இரண்டும் சேர்ந்து பொய்யாக இருக்க முடியும்! உண்மையில் நடந்ததும் அதுதான். எந்த மரத்தின் அடியிலும் எதுவும் நடக்கவில்லை. இரு தரப்பும் சண்டையிடும்போது, "இருவரில் ஒருவர் சொல்வது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்" என்று நாம் எண்ணுவது எப்போதும் சரியன்று.

மூன்றாவது தீர்ப்பு

அன்பார்ந்தவர்களே, இதுவரை சிந்தித்தவற்றின் மையக் கருத்துக்கு வருவோம். ஒரு கூற்றுக்கு இரண்டே நிலைகள் உண்டு: அது உண்மை, அல்லது பொய். ஆனால் அதைப் பற்றிய நம் தீர்ப்புக்கு மூன்று நிலைகள் உண்டு: 'உண்மை', 'பொய்', 'எனக்குத் தெரியாது'. இந்த மூன்றாவதைச் சொல்ல நாம் தயங்குகிறோம். டீக்கடையில், குடும்ப விசேஷங்களில், பங்கு மக்களின் வாட்ஸப் குழுவில், "தெரியலைங்க" என்று சொன்னால் நம் மதிப்புக் குறைந்துவிடும் என்று அஞ்சுகிறோம். போளூர் அருகே திரண்ட கூட்டத்தில் பத்துப் பேராவது "நமக்குத் தெரியாதுங்க, விசாரிப்போம்" என்று சொல்லியிருந்தால் அந்த மூதாட்டி உயிரோடு வீடு திரும்பியிருக்கலாம்.

எட்டாவது கட்டளை பொய் சொல்வதை மட்டும் தடுப்பதாக நாம் நினைக்கிறோம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, எண் 2477-இல், மூன்று குற்றங்களைப் பிரித்துக் காட்டுகிறது. போதிய ஆதாரமின்றி அயலாரின் ஒழுக்கக் குறையை உண்மை என்று ஏற்றுக்கொள்வது முதலாவது. மனத்துக்குள் ஏற்றாலும் அது குற்றமே. தக்க காரணமின்றிப் பிறருடைய குறைகளை அறியாதவருக்கு வெளிப்படுத்துவது இரண்டாவது; அக்குறை உண்மையாகவே இருந்தாலும் அது குற்றமே. பொய் சொல்லிப் பிறர் பெயரைக் கெடுப்பது மூன்றாவது. இவற்றுள் முதலாவது, வாய் திறக்கும் முன்பே நிகழ்கிறது. 'தெரியாது' என்று நிறுத்த வேண்டிய இடத்தில் 'உண்மை' என்று நம் மனம் தீர்ப்பிட்டுவிடுகிறது.

நம் பகுதியின் எண்ணெய் ஆலைகளிலும் அரிசி ஆலைகளிலும் இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் நம்மோடு உழைக்கிறார்கள். நம்மைப் பற்றி அவர்கள் ஊரிலும், அவர்களைப் பற்றி நம் ஊரிலும் நாளையும் செய்திகள் வரும். அப்போது நான்கு கேள்விகளைக் கேட்போம்.

1. உணர்ச்சியையும் கட்டளையையும் நீக்கிவிட்டால் இதில் எஞ்சும் கூற்று எது?

2. எங்கே, எப்போது, யார் என்று இது சொல்கிறதா?

3. இதில் 'எல்லாரும்' ஒளிந்திருக்கிறதா? ஒரு செந்நிறக் கன்றாவது நமக்குத் தெரியுமா?

4. இந்தச் சான்றுக்கு வேறு காரணம் இருக்கக்கூடுமா? இது புகையா, பனியா?

நான்குக்கும் விடை கிடைக்காவிட்டால், "தெரியலைங்க" என்று சொல்லி அந்தச் செய்தியை நம்மோடு நிறுத்திக்கொள்வோம். அயலாருக்கு நாம் செய்யும் நீதி அதுவே. ஒரு மூட்டை நெல்லுக்கு நாம் காட்டும் கவனத்தை, நம் நடுவே உழைக்கும் ஒரு மனிதரின் பெயருக்கும் காட்டுவோம்.